சோதனைக் காலத்தைத் தாங்கும் சுற்றுலாத் தொழில்: ஜொகூர் தரும் பாடங்கள்

ஜொகூர் மாநிலத்தில் வாழும் நம்மவருள் கடற்பாலத்தைக் காணாதவர் மிகச் சிலரே இருப்பர். 1924 ஆம் ஆண்டில் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட அப்பாலத்தின் வழியாகவும், 1998 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரண்டாவது இணைப்புப் பாலத்தின் வழியாகவும், ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நாள்தோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் போய்வந்து கொண்டிருந்தனர். 2020 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் நாள், கோவிட் பெருந்தொற்றைக் கட்டுப்படுத்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, எந்நேரமும் வாகனங்கள் நெருக்கியடித்து நின்ற அந்தப் பாலங்கள் வெறிச்சோடின. தரை எல்லை முழுமையாகத் திறக்கப்பட்ட நாள் 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளாகும். ஏறத்தாழ ஈராண்டுக் காலம் அண்டை நாட்டு விருந்தினர் வருகை நின்று போயிற்று.

இதனால் நாட்டின் சுற்றுலாத் தொழிலுக்கு ஏற்பட்ட இழப்பை எண்களே எடுத்துக் கூறும். 2019 ஆம் ஆண்டில் மலேசியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2 கோடியே 61 இலட்சம் பேர். 2020 இல் அத்தொகை 43 இலட்சமாகச் சரிந்தது. 2021 இல் அது ஏறத்தாழ ஒரு இலட்சத்து 35 ஆயிரமாகச் சுருங்கியது. நூறு பேர் வந்த இடத்தில் ஒருவர்கூட வரவில்லை என்று கூறினும் மிகையாகாது. பல விடுதிகள் தற்காலிகமாகவும் சில விடுதிகள் நிரந்தரமாகவும் கதவடைத்தன.

இச்செய்தி தோட்டப்புற மக்களுக்குத் தொடர்பில்லாத ஒன்றன்று. பால்மரம் சீவும் பெற்றோரின் பிள்ளைகள் பலர் இன்று நகர விடுதிகளில் அறை துப்புரவு செய்பவராகவும், சமையற்கூடத்தில் பணிபுரிபவராகவும், காவலராகவும், வரவேற்பு முகப்பில் அமர்பவராகவும் வேலை செய்கின்றனர். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவரும் காலத்தில், அடுத்த தலைமுறையினர் நாடிச் செல்லும் தொழில்களுள் சுற்றுலாவும் ஒன்று. ஆகவே, அத்தொழில் எத்தகைய அடியைத் தாங்கும், எத்தகைய அடியில் சரியும், தாங்குவதற்கு நிறுவனங்கள் செய்ய வேண்டியவை யாவை என்பனவற்றை நாமும் அறிந்திருத்தல் நன்று.

இரண்டு சொற்களின் பொருள்

இக்காலத்தில் பெரிய நிறுவனங்கள் தம் ஆண்டறிக்கைகளில் ‘நிலைபேறு’ என்னும் சொல்லை அடிக்கடி வழங்குகின்றன. நம் நாட்டின் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் தம் நிலைபேற்று நடவடிக்கைகளை ஆண்டறிக்கையில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2015 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. நாளைய தலைமுறையின் தேவைகளைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக் கொள்ளுதலே நிலைபேறுடைய மேம்பாடு என்ற விளக்கத்தை, ஐக்கிய நாட்டு நிறுவனம் அமைத்த ஒரு குழு 1987 ஆம் ஆண்டில் உலகுக்கு வழங்கியது. மற்றொரு சொல் ‘தாங்குதிறன்’. வெள்ளம், நோய், பொருளாதார மந்தம் போன்ற அடி விழும்போது முறிந்துவிடாமல் நின்று, பின்னர் பழைய நிலைக்கு மீளும் ஆற்றலை அது குறிக்கும்.

பால்மரம் சீவுவோருக்கு இவ்விரு கருத்துகளும் புதியன அல்ல. கத்தி பட்டையில் ஓடும்போது, உட்புறத்து வளர்படலத்தைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுவைக்க வேண்டும் என்பதைத் தொழில் தெரிந்தவர் அறிவர். ஆழச் சீவினால் அன்றைக்குப் பால் கூடுதலாக வடியலாம். ஆனால் மரத்தில் காயம் ஏற்பட்டு, புதிய பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அந்தப் பக்கம் பயன்படாது. ஒழுங்காகச் சீவப்பட்ட பட்டை மீண்டும் தடித்து வளர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவ வேண்டிய மரத்தை ஓய்வின்றி நாள்தோறும் சீவினால், நாளடைவில் பட்டை வறண்டு மங்கில் பால் விழாது போகும். இன்றைய வருமானத்துக்காக நாளைய மரத்தை அழிக்காமையே நிலைபேறு. அவ்வாறு பேணப்பட்ட மரம் வறட்சியும் காற்றும் வந்தபோதும் நின்று பால் கொடுப்பதே தாங்குதிறன். முன்னது முறை, பின்னது அதன் பயன்.

விடுதி விற்கும் பொருள் எது?

ஒரு விடுதி அறையை வாடகைக்கு விடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் விருந்தினர் நாடி வருவது அறையை மட்டுமன்று. தெசாருவுக்கு வருபவர் கடற்கரையை நாடி வருகின்றனர். மெர்சிங் துறையிலிருந்து படகேறி ராவா, பெசார், சிபு, திங்கி, ஆவுர், பெமாங்கில் ஆகிய தீவுகளுக்குச் செல்பவர் தெளிந்த நீரையும் பவளப் பாறைகளையும் காணச் செல்கின்றனர். பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை என்பதாலும், அங்குள்ள பாக்காவ் காடுகளாலும் பெயர் பெற்றது. கூக்குப் கடலோரத்தில் மரக்கால்கள்மீது அமைந்த வீடுகளில் தங்கி மீனுணவு உண்ண மக்கள் வருகின்றனர். கோத்தா திங்கிப் பகுதியில் ஜொகூர் ஆற்றின் கரைகளிலுள்ள பெரம்பாங் மரங்களில் மின்மினிப் பூச்சிகள் மின்னுவதைக் காண இரவில் படகுகள் செல்கின்றன.

இவற்றுள் எதுவும் விடுதி நிறுவனத்தின் சொத்தன்று. கடலும் காடும் ஆறும் பொதுச் சொத்துகள். ஆயினும் அவை கெட்டால் முதலில் படுத்துவிடுவது விடுதியின் வருமானமே. பெரம்பாங் மரங்களை வெட்டிவிட்டால் மின்மினி இல்லை. மின்மினி இல்லையேல் படகோட்டிக்கு வேலை இல்லை. சுற்றுப்புறத்தைப் பேணுவது நிறுவனத்துக்கு அறச்செயல் மட்டுமன்று, தன் முதலீட்டைக் காத்துக்கொள்ளும் செயலுமாகும்.

எண்டாவ்-ரொம்பின் வனம் இதற்கு நல்லதொரு சான்று. 1970 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அவ்வனத்தின் ஒரு பகுதியில் மரம் வெட்ட அனுமதி அளிக்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1985, 1986 ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைச் சங்கத்தார் அங்கே ஆய்வுப் பயணம் மேற்கொண்டு, அதன் செடிகொடிகளையும் விலங்கினங்களையும் உலகறியச் செய்தனர். பின்னர் அது பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. இன்று கம்போங் பெத்தாவில் வாழும் ஜக்குன் பழங்குடி மக்களுள் பலர் பயணிகளுக்கு வழிகாட்டிகளாக விளங்குகின்றனர். வெட்டப்பட்ட மரம் ஒரு முறைதான் விலைபோகும். நிற்கும் காடு ஆண்டுதோறும் வருமானம் தரும்.

பாக்காவ் காடும் பவளப் பாறையும் தரும் காவல்

2003 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் நாள், ஜொகூரின் மூன்று பாக்காவ் பகுதிகள் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அறிவிக்கப்பட்டன. அவை சுங்கை பூலாய், தஞ்சோங் பியாய், புலாவ் கூக்குப் என்பனவாம். பாக்காவ் மரங்களின் வேர்கள் சேற்றைப் பற்றி நிறுத்துகின்றன. அலையின் விசையைத் தணிக்கின்றன. மீன்குஞ்சுகளுக்கும் நண்டு, இறால்களுக்கும் நாற்றங்காலாக அமைகின்றன. அங்கே வளர்ந்த மீனே பின்னர் கரையோர உணவகத்தின் தட்டுக்கு வருகிறது.

இக்காவலின் அருமையைத் தமிழகம் கண்கூடாகக் கண்டது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, கடலூர் மாவட்டத்தில் பிச்சாவரம் சதுப்புநிலக் காடுகளை அடுத்த கடலோரத்தைப் பின்னர் ஆராய்ச்சியாளர் ஆராய்ந்தனர். மரங்கள் அடர்ந்து நின்ற இடங்களுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்களில் சேதம் குறைவாகவும், மரமற்ற இடங்களில் சேதம் மிகுதியாகவும் இருந்ததாக அவர்கள் 2005 இல் வெளியிட்ட ஆய்வில் தெரிவித்தனர். மரம் எல்லா அலையையும் தடுத்துவிடும் என்பதன்று இதன் பொருள். அடியின் வலிமையை அது குறைக்கும் என்பதே பொருள். காட்சிக்கு இடையூறு என்று கடலோர மரங்களை வெட்டிவிட்டு விடுதி கட்டும் நிறுவனம், தன் முன்வாயிற் காவலனைத் தானே வெளியேற்றிய வீட்டுக்காரனுக்கு ஒப்பாகும்.

அந்தக் காவலனுக்கும் நோய் வருவதுண்டு. 1997 ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் நீரிணையில் இரு கப்பல்கள் மோதியதால் ஏறத்தாழ 28,500 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. கப்பல் நடமாட்டம் மிகுந்த அந்நீரிணையின் ஓரத்தில் நிற்கும் தஞ்சோங் பியாய்க் காடு, எண்ணெய்க் கசிவுக்கும் கரையரிப்புக்கும் எப்போதும் அஞ்ச வேண்டிய நிலையில் உள்ளது.

பவளப் பாறையின் கதையும் இத்தகையதே. கடல்நீரின் வெப்பம் வழக்கத்தினும் மிகுந்து பல வாரங்கள் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் நுண்ணுயிர்ப் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 1998, 2010, 2024 ஆகிய ஆண்டுகளில் உலகின் பல கடல்களில் இவ்வெளுப்பு நேர்ந்தது. 2010 இல் தியோமான், ரெடாங் போன்ற தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அதிகாரிகள் தற்காலிகமாக மூட நேரிட்டது. கடலின் வெப்பத்தைத் தணிக்க ஒரு விடுதியால் இயலாது. ஆனால் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தாமல் கடலில் விடாதிருக்க இயலும். கழிவுநீரில் உள்ள சத்து, பாசியைப் பெருக்கிப் பவளத்தை மூடிவிடும். கழிவும் நங்கூரமும் பயணிகளின் மிதிப்பும் இல்லாத பவளம், வெளுப்புக்குப் பின் மீண்டு வளரும் வாய்ப்பு மிகுதி. தன் கைக்கு எட்டிய கேட்டைத் தவிர்த்து, எட்டாத கேட்டைத் தாங்கும் வலிமையை உண்டாக்குவதே இங்கு நிறுவனத்தின் கடமையாகும்.

நீர், மின்சாரம், செலவு

சுற்றுலா விடுதியில் இருவகைச் செலவுகள் உண்டு. விருந்தினர் எண்ணிக்கைக்கேற்பக் கூடிக் குறையும் செலவு ஒன்று; விருந்தினர் இருப்பினும் இல்லாவிடினும் மாறாத செலவு மற்றொன்று. கட்டடக் கடன், காவல், பராமரிப்பு, நடுவணாக அமைந்த பெரிய குளிர்சாதனப் பொறி ஆகியன பின்வகையைச் சார்ந்தவை. நூறு அறைகளுக்கென அமைத்த பொறி பத்து அறைகளுக்காக ஓடினும் மின்கட்டணம் பத்தில் ஒன்றாகக் குறைவதில்லை. அறைகள் காலியாகும் காலத்தில் நிறுவனத்தைச் சாய்ப்பது இம்மாறாச் செலவே.

சிக்கனமான பொறிகள், தளந்தோறும் தனித்தனியே நிறுத்தத்தக்க குளிர்சாதனம், வெயிலால் நீரைச் சூடாக்கும் கருவி, மழைநீர்த் தொட்டி ஆகியவற்றை முன்னரே அமைத்துக்கொண்ட விடுதிக்கு நல்ல காலத்தில் இலாபம் சற்றுக் கூடும். கெட்ட காலத்தில் உயிர் தப்பும் வாய்ப்பு மிகும். 2015 ஆம் ஆண்டில் சுங்கை லாயாங் அணைக்கட்டில் நீர்மட்டம் தாழ்ந்ததால் ஜொகூர் பாரு, பாசிர் கூடாங் வட்டாரங்களில் முறைவைத்து நீர் வழங்கப்பட்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய நாளில் தோட்டம் நனைப்பதற்கும் கழிவறைக்கும் மழைநீரைப் பயன்படுத்தும் விடுதி, குழாய்நீரை விருந்தினரின் தேவைக்கென மிச்சப்படுத்திக் கொள்ளலாம்.

மிகுநீரும் பகையே. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இருமுறை பெருகிய வெள்ளத்தால் கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங், பத்து பகாட் மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். 2023 மார்ச்சிலும் ஜொகூரில் பெருவெள்ளம் நேர்ந்தது. மின்கருவிகளைத் தரைத்தளத்தில் வைக்காமல் மேலே அமைத்தல், ஆற்றங்கரை மண்ணைச் செடிகொடிகளால் மூடிக் காத்தல் ஆகியவை எளிய முன்னேற்பாடுகள். இளங்கன்று நட்ட மேட்டுநிலத்தில் மண் அரிக்காதிருக்க மூடுபயிர்க் கொடிகளை வளர்ப்பது தோட்டத்தில் நெடுங்கால வழக்கம் அன்றோ? அதே அறிவு விடுதிக்கும் பொருந்தும்.

அண்டை வீட்டாரே அரண்

கேரள மாநிலத்தின் வேம்பநாட்டு ஏரிக்கரையில் குமரகம் என்னும் ஊர் உண்டு. அங்கே பல பெரிய விடுதிகள் எழுந்தபோதிலும், காய்கறியும் மீனும் வெளியிலிருந்தே வந்தன. ஊராருக்குக் கிடைத்த நன்மை குறைவு என்ற மனக்குறை இருந்தது. 2008 ஆம் ஆண்டில் அரசாங்கமும் ஊராட்சியும் விடுதியாரும் கூடிப் பொறுப்புள்ள சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கினர். மகளிர் குழுக்கள் தரிசாகக் கிடந்த நிலங்களில் காய்கறி பயிரிட்டன. விலையை ஒரு குழு நிர்ணயித்தது. விடுதிகள் அவற்றை வாங்கின. கயிறு திரித்தல், ஓலை முடைதல், மீன்பிடித்தல் முதலிய ஊர்த் தொழில்களைப் பயணிகளுக்குக் காட்டும் சுற்றுக்களும் ஏற்பட்டன. இம்முயற்சிக்காக 2013 ஆம் ஆண்டுக்குரிய ஐக்கிய நாட்டுச் சுற்றுலா நிறுவனத்தின் விருது கேரளத்துக்குக் கிடைத்தது.

இதில் தாங்குதிறன் எங்ஙனம் உண்டாகிறது? முதலாவதாக, தொலைவிலிருந்து வரும் சரக்கு நின்றாலும் அருகிலிருந்து உணவுப்பொருள் கிடைக்கும். இரண்டாவதாக, விடுதியால் பிழைக்கும் ஊரார், விடுதிக்கு இடர் நேரும்போது அதனைத் தம் இடராகக் கருதுவர். வெள்ளத்தில் வழி மூடினால் படகு தருபவரும், காட்டில் தீ பற்றினால் ஓடி வருபவரும் அண்டை வீட்டாரே. ஊரை வேலியிட்டு ஒதுக்கிய விடுதிக்கு அத்துணை கிடைப்பது அரிது.

நம் நாட்டின் ஹோம்ஸ்டே எனப்படும் வீட்டு விருந்தினர் திட்டமும் இத்தகைய நோக்குடையதே. அது 1995 ஆம் ஆண்டு பகாங் மாநிலத்துத் தெமர்லோவில் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கப்பட்டது. கம்பத்து வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு அளிப்பவர் பெருங்கடன் சுமப்பதில்லை. விருந்தினர் வராத மாதத்திலும் அவருக்குத் தோட்டமோ மீன்பிடிப்போ வேறு தொழிலோ உண்டு. ஒற்றைக் காலில் நிற்பவனைக் காட்டிலும் இருகாலில் நிற்பவன் எளிதில் விழுவதில்லை.

தொழிலாளியைக் காக்கும் நிறுவனம்

நிலைபேறு என்றவுடன் மரம் நடுவதை மட்டும் எண்ணுதல் குறையுடையது. நிறுவனத்தில் உழைக்கும் மனிதரைக் காப்பதும் அதன் பகுதியே. விடுதித் தொழிலில் பெருந்தொற்றுக் காலத்தில் வெளிப்பட்ட ஒரு குறையை இங்கு எடுத்துரைக்க வேண்டும்.

விடுதிகள் பலவற்றில் அடிப்படைச் சம்பளம் குறைவாகவும், விருந்தினரிடம் பெறும் சேவைக் கட்டணத்தில் ஒரு பங்கு தொழிலாளருக்குக் கூடுதல் வருமானமாகவும் அமைவது நெடுநாளைய வழக்கம். விருந்தினர் நிறைந்த காலத்தில் கைக்கு வரும் தொகை நன்றாகவே இருக்கும். விருந்தினர் இல்லாதபோது சேவைக் கட்டணமும் இல்லை. எனவே தொழில் சரிந்த அன்றே தொழிலாளியின் வருமானமும் சரிந்தது. சேவைக் கட்டணத்தைக் குறைந்தபட்ச சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடலாமா என்ற வழக்கு நம் நாட்டில் பல்லாண்டுகள் நடந்தது. சேவைக் கட்டணம் தொழிலாளருக்கு உரிய பணம். அதைக் கொண்டு குறைந்தபட்ச சம்பளத்தை நிரப்பிக் கொள்ள விடுதிக்கு உரிமையில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2021 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. விடுதித் தொழிலாளர் சங்கம் நடத்திய அவ்வழக்கின் பயன் எல்லா விடுதித் தொழிலாளருக்கும் உரியதாயிற்று.

தொழிலாளியைக் காத்தலால் நிறுவனத்துக்கு வரும் நன்மை யாது? 2022 இல் எல்லைகள் திறந்தபோது, அறைகள் இருந்தும் அவற்றைத் துப்புரவு செய்யவும் சமைக்கவும் ஆளின்றிப் பல விடுதிகள் தவித்தன. வேலையிழந்து சென்றவர்கள் வேறு தொழில்களைத் தேடிக்கொண்டு விட்டனர். சம்பளத்தைக் குறைக்க நேர்ந்தாலும் தொழிலாளரிடம் மறைக்காமல் பேசி, இயன்ற உதவியைச் செய்து, அவர்களைத் தம்மோடு வைத்திருக்கும் நிறுவனம், கதவு திறந்த மறுநாளே தொழிலைத் தொடங்கும். கைதேர்ந்த சீவுநரைத் துரத்திவிட்ட தோட்டம், விலை உயர்ந்தபோது பால் எடுக்க ஆளின்றி நிற்பதைப் போன்றதே மற்றவற்றின் நிலை.

எல்லாவற்றுக்கும் இது மருந்தா?

நற்செயல் புரிந்த நிறுவனம் எந்நாளும் வீழாது என்று கூறுதல் உண்மைக்குப் பொருந்தாது. எல்லை மூடப்பட்டபோது மழைநீர்த் தொட்டி வைத்த விடுதிக்கும் விருந்தினர் வரவில்லை. அமெரிக்காவில் 2008, 2009 ஆம் ஆண்டுகளின் நிதி நெருக்கடியை ஆராய்ந்தோர், சமூகப் பொறுப்புமிக்க நிறுவனங்களின் பங்குகள் மற்றவற்றினும் குறைவாகவே மதிப்பிழந்தன என்று கண்டனர். ஆனால் 2020 இன் பெருந்தொற்றுக் காலத்தை ஆராய்ந்த வேறு சிலர், அத்தகைய பாதுகாப்பு அப்போது தென்படவில்லை என்றனர். கையிருப்புப் பணமும் குறைந்த கடனும் இல்லையேல் பிற நற்குணங்கள் நெடுநாள் காக்கமாட்டா.

ஒரே வகை விருந்தினரை நம்பியிருத்தலும் ஆபத்தே. 2003 இல் சார்ஸ் நோய் பரவியபோது மலேசியாவுக்கு வந்த பயணிகள் முந்தைய ஆண்டின் 1 கோடியே 33 இலட்சத்திலிருந்து 1 கோடியே 6 இலட்சமாகக் குறைந்தனர். இலங்கையில் 2018 ஆம் ஆண்டில் 23 இலட்சம் பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரலில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்குப் பின் அத்தொகை அவ்வாண்டு 19 இலட்சமாகத் தாழ்ந்தது. அண்டை நாட்டாரை மட்டும் நம்பாமல் உள்நாட்டுக் குடும்பங்களையும் மதித்து வரவேற்கும் விடுதியே இத்தகைய சோதனையில் சிறிதேனும் மூச்சுவிடும்.

வெறும் விளம்பரத்தையும் பிரித்தறிய வேண்டும். ‘துவாலையை மீண்டும் பயன்படுத்தி உலகைக் காப்பீர்’ என்று அறையில் அட்டை வைத்துவிட்டுப் பின்புறத்தில் கழிவுநீரை ஆற்றில் விடும் விடுதியைப் பசுமை விடுதி என்று கூற இயலாது. ஒருவர் செய்யும் தீங்கு மற்றவரையும் வாட்டும் என்பதற்குப் பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம் நிகழ்ச்சி சான்று. 2019 மார்ச்சில் அவ்வாற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுக்காற்றால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன.

தோட்டக் குடும்பங்கள் கருதத்தக்கவை

விடுதித் தொழிலுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்டறிதல் வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேவைக் கட்டணம் தனியே வழங்கப்படுகிறதா என்பது முதற்கேள்வி. 2025 பிப்ரவரி முதல் ஐவரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் இடங்களிலும், அவ்வாண்டு ஆகஸ்டு முதல் மற்ற இடங்களிலும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என நிர்ணயிக்கப்பட்டது. ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் முதலாளி சந்தா செலுத்துகிறாரா என்பது இரண்டாவது. வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 ஆம் ஆண்டு ஜனவரி முதல் சொக்சோவின் பொறுப்பில் நடந்து வருகிறது. வேலையிழந்தவர் அறுபது நாள்களுக்குள் விண்ணப்பித்தால், தகுதிக்கேற்ப மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை உதவித்தொகை பெறலாம். முதல் மாதத்தில் அது கணக்கிடப்பட்ட சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது விழுக்காடு. பின்னர்ப் படிப்படியாகக் குறையும். இவ்வுரிமையை அறியாமல் நாள் கடத்தி இழப்பவர் சிலர் உளர். தொழிற்சங்கம் உண்டா, மொழியும் கணக்கும் சமையற் கலையும் கற்க வாய்ப்பு உண்டா என்பன மற்ற கேள்விகள்.

தோட்டத்திலேயே வாழ்வோரும் இத்தொழிலில் பங்கு கொள்ள இயலும். அருகிலுள்ள விடுதிக்குக் கீரையும் வாழையிலையும் காய்கறியும் வழங்கலாம். பால்மரம் சீவுதல், பாலை உறையவைத்தல், தகடாக அழுத்தி உலர்த்துதல் ஆகியவற்றை நேரில் கண்டிராத பயணிகள் ஏராளம்; நிர்வாகத்தின் இசைவோடு அவற்றைக் காட்டுவதற்கும் இடமுண்டு. தனியொருவரால் ஆகாததைக் கூட்டுறவால் ஆற்றலாம். 1960 ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் பாட்டாளிகள் மாதந்தோறும் அளித்த பத்து வெள்ளியைத் திரட்டியே தோட்டங்களை வாங்கியது. சிறு தொகை பலர் கையில் சேர்ந்தால் பெரும் அதிர்ச்சியையும் தாங்கும் என்பதை நம் முன்னோர் செயலில் காட்டியுள்ளனர்.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. விருந்தினரைப் பேணும் பண்பு நமக்குப் புதிதன்று. அவ்விருந்து நாளையும் நடைபெற வேண்டுமாயின், நெல் விளையும் நிலமும், நீர் தரும் ஆறும், சமைக்கும் கைகளும் பேணப்பட வேண்டும். 2024 இல் மலேசியாவுக்கு வந்த பயணிகள் மீண்டும் 2 கோடியே 50 இலட்சமாக உயர்ந்தனர். இத்தகைய நல்ல காலத்தில்தான் அடுத்த சோதனைக்குரிய ஏற்பாடுகளைச் செய்தல் வேண்டும். கெட்ட காலத்தில் அவற்றுக்குப் பணமும் இராது, நேரமும் இராது. தம் பிள்ளைகளின் வாழ்வு இத்தொழிலோடு பிணைந்திருப்பதை உணர்ந்து, நிறுவனங்களிடம் இவற்றைக் கேட்பதும், தம்மால் இயன்றவற்றைத் தாமே தொடங்குவதும் தோட்டப்புற மக்களின் உரிமையும் கடமையும் ஆகும்.